நாலாம் மடைக்கு ஒரு குறிப்பு

படம் வானத்திலிருந்து தொடங்கவில்லை, அந்த மட்டுக்கும் இந்த இயக்குநர் பிழைத்துக்கொண்டாள் என்று நம்பிராஜன் நினைத்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே படத்தைக் கைபேசியில் பார்த்தபோதும் இதையேதான் நினைத்தான். இப்போதெல்லாம் ஆவணப்படம் எடுக்கிறவர்கள் முதல் காரியமாக ஒரு ட்ரோனை மேலே ஏவிவிடுகிறார்கள், ஊர் பொம்மைக்கடை மாதிரி கீழே சுழலும், புல்லாங்குழல் ஒன்று தேம்பும், பிறகு ஒரு கிழவர் வந்து அந்தக் காலத்தில் என்று ஆரம்பிப்பார், அவ்வளவுதான், அந்த இடத்திலேயே பத்துக்கு நாலு என்று போட்டுவிடுவான் நம்பிராஜன். யாராவது அழுதால் இன்னொரு மதிப்பெண் போகும். அழுகிற முகத்தை நெருங்கிக் கேமரா போனால் இரண்டு போகும். சினிமாவில் அழட்டும், அதற்குத்தானே டிக்கெட், நிஜ மனுஷனை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கண்ணீர் வருகிறவரைக்கும் கேள்வி கேட்பது என்ன கலை என்று ஒருதரம் எழுதினான், நானூறு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த நானூறை அவன் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வான். ‘நாலாம் மடை’யில் ட்ரோன் இல்லை, பாட்டு இல்லை, அழுகை இல்லை. ஒரு பெரிய குளம், கரையில் ஒரு கல்மடை, அதன் தலையில் ஒரு காக்கை. பாளையங்கோட்டையில் டியூஷன் சென்டர் மாடி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலைக் கறுப்புத் துணி போட்டு ஜன்னலோடு நிறுத்தி, வெள்ளையடித்த சுவரையே திரையாக்கி, முப்பது பேர் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரைவட்டம் என்று பெயர், மாதம் ஒரு படம். அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. படத்தை முன்கூட்டியே ஒருவருக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும், அதை அச்சடித்து மடித்து ஒரு பின் அடித்து வாசலிலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள், ஆனால் படம் முடியும்வரை பின்னை எடுக்கக்கூடாது. முடிந்ததும் எழுதியவர் எழுந்து நின்று ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். பேச்சு, சண்டை, சுண்டல் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த மாதக் குறிப்பு நம்பிராஜனுடையது. வாசிக்கப்போகிற சுகத்தை நினைத்தபடி அவன் கடைசி பெஞ்சின் ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

படம் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் இருக்கும், கதவு திறந்து ஒரு கீற்று வெயிலும் அதோடு ஒரு ஆளும் உள்ளே வந்தன, கதவு சாத்தியதும் இரண்டும் காணாமல்போயின, பிறகு பக்கத்தில் பெஞ்சு அமிழ்ந்தது. பஸ் வாடையும் திருநீற்று வாடையும். படம் தொடங்கிய பிறகு வருகிறவர்களைப் பற்றி நம்பிராஜனுக்கு ஒரு கருத்து உண்டு, அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டான். “தம்பி” என்றது இருட்டு. “இந்தத் தாளு என்னதுய்யா? வாசல்ல கொடுத்தாவ.” “குறிப்பு. கடைசில வாசிப்பாங்க” என்றான் திரையை விட்டுக் கண் எடுக்காமல். “அதாம்லா, அதுக்குத்தான் வந்தேன். ரெண்டு பஸ்ஸு மாறி வாறேன். என்னைப் பத்தி யாரோ எழுதிருக்காவளாம். எங்கூர்ப் பயலுவ போனுல வாசிச்சு வாசிச்சுச் சிரிக்கானுவ, என்னலேன்னு கேட்டா ஒண்ணுமில்ல பெரியாங்கானுவ. நமக்கு இப்பம் கண்ணு புகையாத் தெரியுது, எழுத்து ஓடமாட்டேங்கு. நீங்க லேசா வாசிச்சுச் சொல்லுவேளா?” நம்பிராஜன் சிரித்துக்கொண்டே, முடிந்த பிறகு எல்லாருக்கும் சேர்த்து வாசிப்பார்கள் பெரியவரே என்றான், என்னைப் பற்றி என்று அவர் சொன்னது அவன் காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை, வயசானவர்கள் எல்லாப் படத்தையும் தன்னைப் பற்றியது என்றுதானே சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் குளத்துத் தண்ணீர் முழுக்க வெயில் விழுந்து ஹால் பூராவும் வெள்ளை வெளேரென்று ஆனது. திரும்பினான். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். திரையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக் கரையில் நடந்து வருகிற முகம். அதே இடது புருவத் தழும்பு. மறுபடி பக்கத்தில் பார்த்தான், தழும்பு அங்கேயும் இருந்தது, அதன் மேல் குளத்து வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. பூவலிங்கம். அவன் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவைத்த ஆள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அவன் பெஞ்சில், கையில் அவன் எழுதிய தாளோடு உட்கார்ந்திருந்தார்.

படத்தில் இருக்கிறவர்கள் படத்துக்கு வெளியிலும் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. தெரியும். ஆனால் அவர்கள் பஸ் ஏறுவார்கள் என்று அவன் நினைத்ததில்லை. என்ன எழுதினோம், என்ன எழுதினோம் என்று மனசு தாளைத் தடவியது, ஒளியமைப்பு பற்றி ஒரு பத்தி, அது போகட்டும், இயக்குநர் கேள்வி கேட்கும் விதம், அதுவும் போகட்டும், இரண்டாவது பத்தி. இரண்டாவது பத்தியில் வந்து நின்றான். நாலு வருஷத்துக்கு முந்தின பெருமழை, கரை உடைந்தால் மூன்று ஊர் போகும் என்ற நிலைமை, குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டியான பூவலிங்கம் நாலாம் மடையைத் திறந்துவிடுகிறார், தண்ணீர் கீழத்தெருவுக்குள் பாய்கிறது, மூன்று ஊர் தப்பிக்கிறது, கீழத்தெருவில் இரண்டு பெண்கள் செத்துப்போகிறார்கள். இவ்வளவுதான் படம். அந்த ஆளை வைத்து இயக்குநர் கேள்வி கேட்கிறாள், அவர் பதில் சொல்கிறார். அதைப் பற்றித்தான் நம்பிராஜன் எழுதினான்: ‘கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுகிறது. இரண்டு உயிர் போன கதையைப் பூவலிங்கம் பஸ் டைம் சொல்வதுபோலச் சொல்கிறார். மனசில் கீறல் விழாத மனுஷன்.’ எழுதியபோது அந்தப் பஸ் டைம் வந்து தானாக உட்கார்ந்தது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி வாசித்துப் பார்த்தான். தன் முகநூல் பக்கத்திலும் அதைப் போட்டான். யாரோ ஒருத்தன், அந்தக் குளத்துப் பக்கத்து ஊர்க்காரன் போல, கரெக்ட்டா பிடிச்சீங்க ப்ரோ இந்தாளு அப்படித்தான் என்று எழுதியிருந்தான், அதற்கு ஒரு இதயம் போட்டது யார், நம்பிராஜன்தான். சரி, கருத்து கருத்துதான், என்று தோளை நிமிர்த்தினான். நேரில் வந்துவிட்டார் என்பதற்காகக் கருத்து மாறுமா, ஒரு மனுஷன் கல் மாதிரிப் பேசினால் கல் மாதிரிப் பேசினான் என்றுதானே எழுத முடியும், பார்ப்போம், இதோ அந்த இடம்தான் வரப்போகிறது, எல்லாருமே பார்க்கட்டும்.

இயக்குநரின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டது: “அன்னைக்கு மடையைத் தொறந்தது நீங்கதானாய்யா?” இப்போது சொல்வார், ஆமா நாந்தான் தொறந்தேன் என்பார், கேள்வியின் வாலை மிதித்துக்கொண்டே சொல்வார் என்று நம்பிராஜன் காத்திருந்தான். திரையில் பூவலிங்கம் மடையைப் பார்த்தார். படம் நின்றுவிட்டது போல என்று நினைத்தான், புரொஜெக்டரைத் திரும்பிப் பார்த்தான், யாராவது எழுந்துபோய்த் தட்டுவார்கள் என்று பார்த்தான், ஒருத்தரும் அசையவில்லை. காக்கை தலையைத் திருப்பியது. அப்படியானால் படம் நிற்கவில்லை. பூவலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார், மடித்ததை உதறினார், மறுபடி மடித்தார். குனிந்து பாதத்தில் முள் பார்த்தார், முள் இல்லை, இருந்தும் பார்த்தார். இது இல்லையே. இது படத்தில் இல்லையே. புதிதாகச் சேர்த்திருக்கிறாளா, வேறு பிரதியா, இல்லை இல்லை, அதே காக்கை, அதே சட்டை. இருபது எண்ணினான், முப்பது எண்ணினான், ஹாலில் மின்விசிறி மட்டும் கடகடவென்று, நாற்பது, ஐம்பது, இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா, எண்ணிக்கை எங்கேயோ தவறிப்போன பிறகு, திரையிலிருந்து அந்த வார்த்தை வந்தது. “ஆமா. நாந்தான் தொறந்தேன்.” அதே வார்த்தை. அதே தட்டையான குரல். அவன் கேட்டது இதைத்தான். இதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு நிமிஷத்துக்கும் மேலானதை மட்டும் கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் என்ன இருக்கிறது, சத்தமே இல்லையே, என்று நினைத்ததும் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த கைபேசிக்குப் போனது. சத்தமே இல்லை. அதுதான். அந்தப் பாவிப் பட்டன்.

குரூப் ஃபோர் வகுப்பு வீடியோக்களுக்காகத் தட்டிவைத்த பட்டன் அது. பொது அறிவு எடுக்கிற சார் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று போர்டில் எழுதுவார், எழுதுவார், எழுதிக்கொண்டே இருப்பார், நம்பிராஜனின் முதுகு வலிக்கும், கூடப் படிக்கிறவன்தான் சொல்லிக்கொடுத்தான், இதைத் தட்டிவிடு, பேச்சில்லாத இடத்தை அதுவே தாண்டிடும், ஒண்ணரை வேகமும் வச்சிட்டேன்னா மூணு மணி நேர கிளாஸ் ஒண்ணே காலுல முடிஞ்சிரும். தட்டினான். முடிந்தது. வகுப்புகள் முடிந்தன, அப்புறம் படங்களும் முடிந்துகொண்டே இருந்தன, ஒரு நாளைக்கு மூன்று, ஒரு நாள் ஐந்து, நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருக்கிறான், இந்த வருஷம் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. வேகத்தை அவன் தெரிந்தேதான் வைத்தான், அதில் பொய் சொல்ல முடியாது, எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தான். பட்டனை மறந்துவிட்டான். அம்பத்திரண்டு நிமிஷம் என்று போட்டிருந்த படம் சீக்கிரமே முடிந்தபோதுகூட, பரவாயில்லை, இறுக்கமான எடிட்டிங் என்று எழுதினான். ஐயோ, அதையும் எழுதியிருக்கிறான், மூன்றாவது பத்தி, ‘தேவையற்ற ஒரு நொடிகூட இல்லாத படத்தொகுப்பு’. அப்படியென்றால் மற்றவை? அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் யார் யார் எங்கெங்கே பேசாமல் இருந்தார்கள்? யாருக்கும் உயிரில்லை, கதாபாத்திரங்கள் மூச்சு விடுவதில்லை, இந்தக் காலத்துப் படங்களுக்கு அமைதி தெரியவில்லை என்று ஒரு நீளக் கட்டுரையே எழுதினானே, அமைதி தெரியவில்லை என்று! சிரிப்பு மாதிரி ஒன்று தொண்டைக்கு வந்து, பக்கத்தில் அவர் இருக்கிறார் என்று திரும்பிப் போய்விட்டது. இரண்டாம் கேள்வி. “கீழத்தெரு அங்கதான் இருக்குன்னு தெரியும்லாய்யா?” இந்தத் தடவை அவன் எண்ணவில்லை. எண்ணத் தைரியமில்லை. திரையில் பூவலிங்கம் குத்தவைத்து உட்கார்ந்தார், எழுந்தார், எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி இரண்டடி போய்த் திரும்பி வந்தார். “தெரியும்” என்றார்.

பக்கத்தில் நிஜப் பூவலிங்கம் லேசாகச் சாய்ந்து, “அன்னைக்கு வெயிலு கடுமை தம்பி” என்றார் ரகசியமாக. “நான் பாட்டுக்குச் சும்மா நிக்கேன், அந்தப் பிள்ள கேமராவைத் தூக்கிக்கிட்டு அது பாட்டுக்கு நிக்கி. உக்காரும்மான்னாலும் கேக்கல.” சொல்லிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நம்பிராஜன் ம் என்றான். திரையில் அவர் நடக்க ஆரம்பித்திருந்தார். கரையிலிருந்து இறங்கி, சீமைக்கருவேலம் ஒதுக்கி, ஒரு தெருவுக்குள். இந்த நடையையும் அவன் பார்த்ததில்லை. பேச்சு கிடையாது, பின்னணிக் குரல் கிடையாது, பார்த்திருக்க முடியாது. கூரை இல்லாத சுவர்கள், பிறகு சுவரும் இல்லாத இடம், நாலு மூலையில் கல் மட்டும் தெரிகிற வெறுந்தரை, புல் முளைத்திருந்தது. பூவலிங்கம் அங்கே நின்று செருப்பைக் கழற்றிவிட்டார். கழற்றி, ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். எதற்குக் குனிகிறார், மேலேதான் ஒன்றுமே இல்லையே, வெறும் வானம்தானே, என்று நம்பிராஜன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, அந்த இடத்தில் நிலைப்படி இருந்திருக்கிறது, தணிந்த நிலை, குனியாமல் போனால் தலை இடிக்கும், முப்பது நாற்பது வருஷம் குனிந்த தலை. உள்ளே போய் நின்றவர் திரும்பிக் கேமராவைப் பார்த்தார், வாங்க என்று சொல்லுகிற மாதிரி. சொல்லவில்லை. திரை இருண்டது. வெள்ளை எழுத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், இரண்டு வரிகள் வந்தன. ‘அன்று இறந்தவர்கள்: மாரிக்கனி, வயது 19. செல்லக்கிளி, வயது 56, பூவலிங்கத்தின் மனைவி.’

நம்பிராஜன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான். எழுந்து போய்விடலாம், கக்கூஸ் கீழே இருக்கிறது, கீழே போனால் வண்டியும் அங்கேதான் நிற்கிறது, திரைவட்டத்தை நடத்துகிற ஜெபக்குமார் அண்ணாச்சிக்குப் போன் பண்ணி வயித்தால போகுது என்று சொல்லிவிடலாம். இல்லை, அச்சடிச்சவன் வேற தாளை மாத்தி அடிச்சிட்டான் என்று சொல்லலாம், ஆனால் முப்பது பேர் கையிலும் எழுதியவன் பெயரோடு இருக்கிறதே. இல்லை, இரண்டாவது பத்தியை விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஒரு கிண்டல், ஊர் எப்படிப் பேசும் என்பதை எழுதிக்காட்டியது என்று சொல்லலாம், படித்தவர்கள் நம்புவார்கள், படித்தவர்கள் இதையெல்லாம் நம்புவார்கள், ஆனால் இவர்? இவர் ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கிறார். மனைவி. யாரும் சொல்லவில்லையே, படத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லையே. வாயைத் திறந்து சொல்லி அழுதிருந்தால் நீயே ஒரு மதிப்பெண் குறைத்திருப்பாய் என்றது மனசு. கையில் இருந்த தாள் வேர்வையில் நனைந்து மெத்தென்று ஆகியிருந்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள், யாரோ ஜன்னல் துணியை இழுத்தார்கள், வெயில் உள்ளே விழுந்தது, முப்பது பேரும் ஒரே நேரத்தில் பின்னைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

“உக்காருங்க, உக்காருங்க, யாரும் எந்திரிக்க வேண்டாம்” என்று முன்னால் வந்து நின்றார் ஜெபக்குமார் அண்ணாச்சி. “இன்னைக்கு ஒரு விசேஷம். படத்துல வந்தவரு நம்ம கூடவே உக்காந்து படம் பாத்திருக்காரு. அய்யா, முன்னால வாங்க.” எல்லாரும் திரும்பினார்கள், பூவலிங்கம் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டி அதே இடத்திலிருந்து கும்பிட்டார். “சரி, முதல்ல குறிப்பு. வே நம்பி, வாடே. என்னடே மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு, படம் அவ்வளவு பிடிச்சிட்டோ?” நாலு பேர் சிரித்தார்கள். நம்பிராஜன் முன்னால் போனான். போனதாகத்தான் இருக்க வேண்டும், சுவர் பின்னால் இருந்தது. வாசித்தான். முதல் பத்தியை வாசித்தான், ட்ரோன் இல்லாததைப் பாராட்டிய இடத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது பத்தி. கேள்விகள் நேரடியானவை, என்று வாசித்தான், அதற்கு அடுத்த வரியின் மேல் கண் போய் நின்றது, நின்று, அதைத் தாண்டி, படத்தொகுப்பு என்று அடுத்த பத்தியில் இறங்கியது. “தம்பி, ஒரு நிமிஷம்” என்றார் முன் பெஞ்சில் சிவகாமி டீச்சர், ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமானாலும் விரலை வரியில் வைத்துத்தான் வாசிப்பவர். “நடுவுல மூணு வாக்கியம் விட்டுட்டீங்களே?” என்று சொன்ன பிறகுதான் அந்த மூன்று வாக்கியத்தின் மேல் தன் விரல் இருப்பதைப் பார்த்தார். வாசித்தார். விரலை எடுத்தார். தாள்கள் அங்கங்கே கீழே தாழ்ந்தன. ஒருத்தரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருக்க எல்லாரும் சிரமப்படுவது தெரிந்தது.

“விட்டுட்டேன் டீச்சர்” என்றான் நம்பிராஜன். “தெரிஞ்சேதான் விட்டேன்.” பிறகு நிறுத்த முடியவில்லை. “நான் இந்தப் படத்தைப் பாக்கலை. போன்ல ஒரு பட்டன் இருக்கு, பேச்சு இல்லாத இடத்தை எல்லாம் அது தாண்டிடும். பாடத்துக்காக வச்சது, எடுக்க மறந்துட்டேன். வேகமா வேற ஓட விட்டேன். அய்யா பேசாம நின்ன இடம் எதுவும் எனக்கு வரலை. அந்த வீடு வரலை. கடைசில பேரு வரலை. இன்னைக்குத்தான் பாத்தேன்.” அண்ணாச்சி, “சரிடே, சரி, அதை அப்புறம் பேசிக்கிடலாம், அந்தப் பத்தி வேண்டாம், விட்டுரு, மூணாவதுக்குப் போ” என்று அவன் தோளைத் தொட்டார். பின் பெஞ்சிலிருந்து பூவலிங்கம் எழுந்திருந்தார். எல்லாரும் இப்போதுதான் திரும்பினார்கள். “அதை வாசிக்கச் சொல்லுங்க” என்றார். “அய்யா, அது தப்பா எழுதினதுன்னு...” என்றார் அண்ணாச்சி. “தப்போ சரியோ. ஊருல எல்லாப் பயலும் வாசிச்சிட்டான். இங்க எல்லார் கையிலயும் இருக்கு. எனக்கு ஒருத்தனுக்குத்தான் என்னன்னு தெரியாது. வாசிங்க தம்பி.” கோபம் இருக்கிறதா என்று நம்பிராஜன் அந்தக் குரலைத் தேடினான், கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அது படத்தில் கேட்ட அதே குரல்தான்.

வாசித்தான். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுகிறது, என்று வாசித்தான். இரண்டு உயிர், என்று வாசித்து மூச்சு வாங்கினான். பூவலிங்கம், என்று அந்தப் பெயரை அவர் முன்னாலேயே வெறும் பெயராக வாசித்தான். பஸ் டைம் சொல்வதுபோலச் சொல்கிறார் என்று வாசித்தான், கடைசி வாக்கியத்துக்கு வாயைத் திறந்தானே தவிர குரல் எவ்வளவு தூரம் போனது என்று தெரியவில்லை. முடிந்தது. சிவகாமி டீச்சர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பூவலிங்கம் நின்றபடியே தலையைச் சாய்த்து, கையிலிருந்த தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, “பஸ்ஸுன்னு ஏதோ சொன்னேள்லா தம்பி” என்றார். “அதுக்குப் பொறவு சரியா வெளங்கலை. அதுல இருந்து இன்னொருக்க வாசிங்க.”

நம்பிராஜன் தாளைத் தூக்கிப் பிடித்தான். பஸ் டைமிலிருந்து கடைசி வாக்கியம் முடிய வாசித்தான்.